ரெண்டு வாண்டுகளோட காட்டுல டென்ட் போட்டுத் தங்கணும், எங்க போகலாம்?

வேளச்சேரி அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மூத்தவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு ஆறு. கூட எங்கம்மாவும் வர்றாங்க. 64 வயசு, முழங்கால் வலி உண்டு, ஆனா ‘நான் வரல’ன்னு மட்டும் சொல்லவே மாட்டாங்க. அரையாண்டு லீவுல மூணு ராத்திரி கிடைக்கும்.

பசங்க யூடியூப்ல எதையோ பாத்துட்டு ஒரே பிடியா நிக்கிறாங்க. காட்டுக்குள்ள டென்ட், வெளிய கேம்ப் ஃபயர், காலையில எழுந்து மலை ஏறணும். ஊட்டி போட்டிங், கொடைக்கானல் சாக்லேட் எல்லாம் ஏற்கெனவே ஆச்சு. டெகத்லான்ல நாலு பேர் டென்ட் ஒண்ணு வாங்கியே வெச்சுட்டேன் (வீட்டம்மா இன்னும் பில்லைப் பாக்கல). எங்க கொண்டுபோய் அடிக்கலாம், சொல்லுங்க.

போடிக்காரன்

அண்ணே, மொதல்ல ஒண்ணு. நீங்க அஞ்சு பேரு, டென்ட் நாலு பேருக்கு. பில்லைப் பாக்குறதுக்கு முன்னாடி அக்கா இதைக் கண்டுபிடிச்சிருவாங்க.

ரெண்டாவது, நம்ம ஊர்ல காப்புக்காட்டுக்குள்ள சொந்தமா டென்ட் அடிச்சுத் தங்க வழியே கெடையாது. அடுப்பு, தீ எதுவும் மூட்டக் கூடாது. பிடிச்சாங்கன்னா கேஸ்தான். யூடியூப்ல பாத்தது இமாச்சலா இருக்கும், இல்லாட்டி யாராச்சும் எஸ்டேட் ஓரமா எடுத்த வீடியோவா இருக்கும்.

கூடாரக் காதலன்

இதே பயமுறுத்தல்தான் எப்பவும். தனியார் எஸ்டேட்ல எத்தனையோ கேம்ப் நடக்குது. நான் மூணு தடவை குடும்பத்தோட போயிருக்கேன். டென்ட், பார்பெக்யூ, மியூசிக், தீ எல்லாம் அவங்களே போட்டுத் தர்றாங்க. ஒண்ணும் ஆகல. பசங்க ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்க பாஸ்.

ஓய்வுபெற்ற வனக்காவலன்

மேலே நண்பர் ‘ஒண்ணும் ஆகல’ என்கிறார். மகிழ்ச்சி. முப்பத்தோரு ஆண்டு காட்டில் வேலை பார்த்தவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யானை கண்ணை நம்பி வாழும் விலங்கு அன்று. மூக்கை நம்பி வாழ்வது. அரிசி, உப்பு, வெல்லம், பலாப்பழம் எது இருந்தாலும் வெகு தொலைவிலிருந்தே அதற்குத் தெரியும். நீங்கள் படுத்திருக்கும் துணிச்சுவர் அதன் வழியில் இருந்தால் அது சுவரே இல்லை. அதோடு, அப்படிப்பட்ட இடங்கள் பலவும் யானை காலங்காலமாக நடந்த பாதையில்தான் இருக்கின்றன. மேட்டிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீருக்கு இறங்கும் வழி எதுவோ, நமக்கும் அதுதான் ‘வியூ’ உள்ள இடமாகத் தெரிகிறது.

2021 ஜனவரி, ஒரே மாதத்தில் இரண்டு சம்பவங்கள். வயநாடு மேப்பாடியில் ஒரு தனியார் கூடார முகாமில் தங்கிய இளம்பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். காதில் தீப்பிடித்தபடி அது ஓடியதை நாடே வீடியோவில் பார்த்தது. அது பிழைக்கவில்லை. முதல் சம்பவத்தில் செத்தது மனிதர், இரண்டாவதில் யானை. இரண்டுமே இருக்கக் கூடாத இடத்தில் கட்டில் போட்டதால் வந்தது.

கூடாரக் காதலன்

சார், மரியாதையோட கேக்கறேன். அப்போ காட்டையே யாரும் பாக்கக் கூடாதா? வீட்டுல உக்காந்து டிவியில பாக்கணுமா?

ஓய்வுபெற்ற வனக்காவலன்

பார்க்க வேண்டும் தம்பி. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். பகலில் நடந்து பாருங்கள், இரவில் சுவருக்குள் தூங்குங்கள். வனத்துறையே வழி செய்து வைத்திருக்கும்போது திருட்டுத்தனம் எதற்கு?

போடிக்காரன்

நான் ஊருக்காரன், அதனால இதையும் சொல்லிடறேன். 2018 மார்ச் 11. கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கின கூட்டம் தீயில மாட்டிக்கிச்சு. மொத்தம் 23 உசுரு. அன்னைக்குச் சாயங்காலம் எங்க தெருவுல இருந்து பாத்தா மலையில சிவப்பாக் கோடு போட்ட மாதிரி தெரிஞ்சது. ஏதோ வழக்கமா எரியிற புல்லுதான்னு நெனச்சோம்.

அந்த மலையில புல்லு ஆள் உசரம் இருக்கும். மாசி, பங்குனியில பொறி பட்டாப் போதும். தீ இறக்கத்துல மெதுவாத்தான் வரும், ஏத்தத்துல ஓடும். மேல இருக்கிற புல்லை வெக்கையே காய வெச்சுக் கொடுத்துருது. பயத்துல மேல ஏறி ஓடுனா தீ நம்மள முந்திரும்.

அதுக்கப்புறந்தான் மலையேத்தத்துக்குன்னு தமிழ்நாட்டுல தனி விதி வந்துச்சு. இப்பவும் பிப்ரவரி பாதியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் பாதையெல்லாம் மூடிருவாங்க. நீங்க டிசம்பர்ல போறீங்க, அந்தக் கவலை இல்ல. ஆனா கேம்ப் ஃபயர்ங்கிற வார்த்தையை மட்டும் பசங்க மண்டையில இருந்து எடுத்துருங்கண்ணே.

வேளச்சேரி அப்பா

சத்தியமா இவ்வளவு யோசிக்கல. கேம்ப் ஃபயர் கேன்சல். டென்ட் விஷயத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சின்னவன் அழுவான். ஐயா சொன்ன ‘வனத்துறை வழி’ என்னன்னு யாராவது விளக்குங்களேன்.

ஜவ்வாது நடை

2024 அக்டோபர்ல அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டத்துல 40 வழி. எளிது, நடுத்தரம், கடினம்னு மூணு தரம் பிரிச்சிருக்காங்க. ஆன்லைன்ல பதிவு. கூட வர்ற வழிகாட்டி பெரும்பாலும் அந்தந்த மலைக்காரங்களே. பத்து வயசுக்குக் கீழ இருந்தா எளிய வழியில மட்டும், அதுவும் பெத்தவங்க கூட வந்தாத்தான். உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் பொருந்தும். நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி எந்த வழி திறந்திருக்குன்னு தளத்துல பாத்துக்கோங்க, மழை பெஞ்சா சட்டுனு மூடுவாங்க.

எங்க பக்கம் வர்றதா இருந்தா ஏலகிரி. ஜோலார்பேட்டையில ரயிலை விட்டு இறங்கினா 14 கொண்டை ஊசி வளைவு, மேல வந்துடலாம். சுவாமிமலை உச்சி ஏறி இறங்க அரை நாள் போதும். சனிக்கிழமை சிக்கினா ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகம் போங்க. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கதான் இருக்கு. வானம் தெளிவா இருந்தா சின்ன தொலைநோக்கி வழியா நமக்கும் காட்டுவாங்க. என் அக்கா பொண்ணு சனிக் கோளோட வளையத்தைப் பாத்துட்டு ‘ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க’ன்னு சண்டை போட்டா.

ஆனா உள்ளதைச் சொல்லிடறேன், ஏலகிரியில லீவு நாள்னா காட்டைவிட ரிசார்ட்தான் கண்ணுல படும்.

கோத்தகிரி தங்கை

அம்மாவோட முழங்காலை யாருமே கண்டுக்கலையே! லாங்வுட் சோலை இருக்கு, கோத்தகிரி ஊர்லயிருந்து பக்கம். 116 ஹெக்டேர்தான், ஆனா அசல் சோலைக்காடு. உள்ள நுழைஞ்ச உடனே வெயில் அணைஞ்ச மாதிரி இருக்கும். பாதை பெரிய ஏத்தமில்ல. எங்க பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணி இந்தச் சோலையிலயிருந்துதான் வருது, அதனால குப்பை போட்டா ஊர்க்காரங்களே கேப்பாங்க.

நீலகிரிக்கு வண்டியில வந்தா இ-பாஸ் எடுக்கணும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கூடாது, ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டு வாங்க. தேயிலைத் தோட்டத்துல கரடி நடமாட்டம் உண்டு, அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தனியா நடக்கறது வேண்டாம்.

மதுரை நடையன்

வட்டக்கானல் டு வெள்ளகவி போகலாமே? ரோடே இல்லாத ஊரு. ஊருக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. அருமையான இடம்.

போடிக்காரன்

யோவ், ஆறு வயசுப் பையன், முழங்கால் வலி உள்ள அம்மான்னு எழுதியிருக்காருய்யா. அந்த இறக்கத்துல என் முழங்காலே மூணு நாள் பேசல.

பொள்ளாச்சிக்காரி

லேட்டா வந்ததுக்கு மன்னிக்கோணுங்க. சின்னவனுக்கு டென்ட்தான் வேணும்னா அதுக்கும் ஒரு வழி இருக்குதுங்க. யாரும் சொல்லாததுதான் ஆச்சரியம்.

டாப்ஸ்லிப் வாங்க. பொள்ளாச்சியில இருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை. சேத்துமடை செக்போஸ்ட்ல இருந்து ஆனைமலை புலிகள் காப்பகம் ஆரம்பிச்சுடும். டாப்ஸ்லிப்ல வனத்துறை தங்கும் விடுதிங்க இருக்குது. அதைத் தாண்டுனா கேரளாக்காரங்க செக்போஸ்ட், ஆனப்பாடி. அங்கிருந்து பறம்பிக்குளம். இடம் கேரளாவுக்குச் சொந்தம், ஆனா ரோட்டுல போகோணும்னா நம்ம ஊர் வழியாத்தான் வந்தாகோணும். அந்த ஆனப்பாடியில கேரள வனத்துறையே கூடாரம் போட்டுத் தங்க வைக்கறாங்க. கட்டில், பாத்ரூம் எல்லாம் இருக்கற கூடாரங்க. நெலையா நிக்கறது, நீங்க வாங்குன மாதிரி சுருட்டி வைக்கறது இல்லீங்க. ராத்திரி காவலுக்கு ஆள் இருப்பாங்க. முன்கூட்டியே பதிவு பண்ணோணும், டிசம்பர்னா இன்னிக்கே பண்ணுங்க.

தங்கறவங்களுக்கு அவங்க பஸ்லயே சஃபாரி. கன்னிமரா தேக்குன்னு ஒரு மரம் காட்டுவாங்க. அஞ்சு பேரு கை கோத்தாத்தான் சுத்திப் பிடிக்க முடியும். நீங்க சரியா அஞ்சு பேரு!

டாப்ஸ்லிப்னு பேர் வந்த கதையைப் பசங்களுக்குச் சொல்லுங்க. வெள்ளைக்காரன் காலத்துல மேல வெட்டுன தேக்கை அங்கிருந்து சறுக்கி விடுவாங்களாம். அப்படி மொட்டையான காட்டுல ஹியூகோ வுட்னு ஒரு வன அதிகாரி திரும்பத் தேக்கு வளத்தாரு. கைத்தடியால குழி போட்டு விதையை நட்டுக்கிட்டே நடப்பாருன்னு எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லுவாங்க. அவர் சமாதியும் அங்கதான் இருக்குது. ‘என் நினைவுச் சின்னம் எங்கன்னு தேடுனா சுத்திப் பாரு’ன்னு லத்தீன்ல எழுதியிருக்குது.

ஓய்வுபெற்ற வனக்காவலன்

பொள்ளாச்சி அம்மா சொன்னது நல்ல யோசனை. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். தேக்குத் தோட்டம் வேறு, காடு வேறு. வுட் வளர்த்த தேக்கைப் பார்த்துவிட்டு, வழிகாட்டியோடு கரியன் சோலைப் பக்கம் அனுமதித்தால் அங்கேயும் நடக்கவிடுங்கள். வரிசையாக நிற்கும் மரத்துக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தானே தெரியும்.

நடக்கும்போது: ஒற்றை வரிசை. முன்னே வழிகாட்டி, கடைசியில் நீங்கள், நடுவில் பிள்ளைகள். சென்ட், பவுடர் வேண்டாம். காக்கி, பச்சை, பழுப்பு உடுப்பு. மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். வழிகாட்டி சொல்லும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆறு வயதுப் பையனுக்கு இதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். ‘சிலை’ என்றதும் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வேளச்சேரி அப்பா

பதிவு பண்ணிட்டேன்! ஆனப்பாடியில ரெண்டு ராத்திரி. ‘சிலை’ விளையாட்டு வீட்டுல ஓடிட்டு இருக்கு, அம்மா தோசை ஊத்தும்போது சொல்லிட்டான், தோசை கருகிப்போச்சு.

அட்டைப்பூச்சி பத்திக் கேக்கணும். வீட்டம்மா அதுக்குத்தான் ரொம்ப பயப்படறாங்க.

பொள்ளாச்சிக்காரி

டிசம்பர்ல மழை இல்லீன்னா கம்மிதாங்க. ஆடி மாசம் வால்பாறைப் பக்கம் போனீங்கன்னாத் தெரியும். போன வருசம் என் பையன் கணுக்கால்ல ஒண்ணு ஏறுச்சு. நூல் மாதிரி ஏறினது, சாக்ஸை உருவிப் பாக்கறப்ப திராட்சைப் பழம் கணக்கா இருந்துச்சு. வலியே இல்லீங்க, அதுதான் மோசம். பிடுங்கி எறிஞ்சா வாய் உள்ளயே நின்னு புண்ணாகும். நகத்தை வச்சு ரெண்டு பக்கமும் நெம்புனா விட்டுடும். உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி எதுவா இருந்தாலும் சாக்ஸ் மேலயும் ஷூ மேலயும் தடவிக்கோங்க. பேன்ட்டைச் சாக்ஸுக்குள்ள விட்டுக்கட்டுங்க. ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, பயப்பட வேண்டாம், அது எச்சில்ல இருக்கற மருந்து அப்படி.

செவிலி அக்கா

அட்டைக்குப் பயப்படறவங்க உண்ணிக்குப் பயப்படறதே இல்ல. எனக்கு அதுதான் கவலை. புதர்ல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு ஸ்க்ரப் டைபஸ்னு ஒரு காய்ச்சல் வரும். கடிச்சு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் காய்ச்சலே ஆரம்பிக்கும். அதுக்குள்ள காட்டுக்குப் போனதையே மறந்திருப்பீங்க, டாக்டர்கிட்ட சொல்லவும் மாட்டீங்க. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கும். பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, முழங்காலுக்குப் பின்னால. பிள்ளைங்களைக் குளிப்பாட்டும்போது அங்கெல்லாம் பாருங்க. போயிட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா முதல் வார்த்தையே ‘காட்டுக்குப் போயிருந்தோம்’னு இருக்கணும். சரியான மாத்திரை ஆரம்பிச்சா சீக்கிரம் அடங்கிடும், விட்டாத்தான் சிக்கல்.

புல் தரையில வெறும் உடம்போட உக்கார விடாதீங்க. துணியைப் புதர் மேல காயப் போடாதீங்க.

கூடாரக் காதலன்

நானும் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. வாங்குன டென்டை மொட்டை மாடியில ஒரு ராத்திரி அடிச்சுப் படுங்க. பசங்களுக்கு இருட்டுல ஜிப் திறக்க, டார்ச் தேட, ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுப்பப் பழக்கம் ஆகும். எனக்கு முதல் தடவை இது தெரியாம பெரிய கூத்து ஆச்சு.

போடிக்காரன்

இந்த இழையில உருப்படியா நீ சொன்ன மொத விசயம் இதுதான் தம்பி. 🙂

வேளச்சேரி அப்பா

(போய் வந்தாச்சு. நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.)

முதல் நாளே சொதப்பல், முழுக்க என் தப்பு. பொள்ளாச்சியில சாப்பிட உக்காந்து நேரம் போச்சு. சேத்துமடை வந்தப்ப கேட் மூடுற நேரம். பதிவுத் தாளைக் காட்டி, வண்டியைச் சோதனை போட்டு, பின்சீட்ல இருந்த ரெண்டு சிப்ஸ் கவரை எடுத்து வெச்சுக்கிட்டு விட்டாங்க. மதியமே வந்துடுங்க, இருட்டுல அந்த வளைவெல்லாம் ஓட்டறது வேண்டவே வேண்டாம்.

டாப்ஸ்லிப் புல்வெளியில புள்ளிமானும் காட்டுப்பன்னியும் ஆடு மாடு மாதிரி மேயுது. மறுநாள் நாங்க நடக்கப் போனப்ப அம்மா அங்கயே ஒரு திண்டுல உக்காந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தா, எந்த மான் எந்த மானைத் துரத்துச்சுன்னு எனக்குக் கதை சொன்னாங்க. அவங்க பாத்த அளவுக்கு நாங்க நடந்து பாக்கல.

வழிகாட்டி மலசர் பழங்குடி அண்ணன் ஒருத்தர். வேகமே இல்ல. சின்னவனோட கால் அளவுக்கு அவர் நடையைக் குறைச்சுக்கிட்டார். ஓர் இடத்துல யானை லத்தி. கையைப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாத்துட்டு, “காலையில போயிருக்கு, சூடு இல்ல”ன்னார். என் பொண்ணு அதைக் குச்சியால பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாத்தா: மூங்கில் நார், ஏதோ கொட்டை, அதுல ஒண்ணு முளைவிட்டிருந்தது. வீட்டுல கீரை ஆயச் சொன்னா முகம் சுளிக்கிறவ! கொஞ்ச தூரம் போனதும் தூரத்துல ஏதோ முறிஞ்சது. அண்ணன் கையைத் தூக்கினார். நான் சொல்றதுக்கு முன்னாடியே சின்னவன் சிலை ஆயிட்டான். அஞ்சு நிமிஷம் மூச்சு விடற சத்தம் மட்டும்தான். அது காட்டுமாடு. புதருக்குள்ள முதுகு மட்டும் தெரிஞ்சது, அப்புறம் அதுவும் போயிடுச்சு.

ராத்திரி கூடாரத்துல படுத்தப்போ ‘டாங்க்’னு ஒரு சத்தம், கொஞ்ச நேரம் விட்டு இன்னொண்ணு. காவலுக்கு இருந்தவர் வெளியில இருந்தே, “மிளா மான் கத்துது, எதையோ பாத்திருக்கு”ன்னார். எதைன்னு சொல்லல. சின்னவன் என் கையைப் பிடிச்சது காலையில வரைக்கும் விடல. கேம்ப் ஃபயர்னு ஒரு வார்த்தை வரல.

கோழிக்கமுத்தி யானை முகாமும் போனோம். ராகி, கொள்ளு வேகவெச்சு உருட்டி வாயில வைக்கிறாங்க. கன்னிமரா தேக்கை அஞ்சு பேரும் கை கோத்து அளக்கப் பாத்தோம். பசங்க கை குட்டை, எட்டல. பஸ்ல வந்த ஒரு தாத்தா ஆறாவதா சேர்ந்துக்கிட்டார்.

அட்டை: மொத்தம் ஒண்ணு. வீட்டம்மாவுக்குத்தான். அக்கா சொன்ன மாதிரி தினமும் குளிப்பாட்டும்போது பொருக்குத் தேடிட்டு இருக்கேன், இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல.

செவிலி அக்கா

இன்னும் ரெண்டு வாரம் பாருங்க.

பொள்ளாச்சிக்காரி

அடுத்த தடவை வீட்டுக்கு வாங்க, சாப்பாடு நான் போடறேன், கேட்டுக்கு நேரத்துல அனுப்பி வைக்கறேன். அதெல்லாம் இருக்கட்டுங்க, அந்த டென்ட் என்னாச்சு?

வேளச்சேரி அப்பா

கிளம்பறதுக்கு முந்தின வாரம் மொட்டை மாடியில அடிச்சோம். ரெண்டு மணி வரைக்கும் தாக்குப் பிடிச்சோம், அப்புறம் வேளச்சேரி கொசு ஜெயிச்சிருச்சு. அப்படியே விட்டுட்டு ஊருக்குப் போயிட்டோம். இப்ப அம்மா அதோட வலைக்குள்ள மோர்மிளகாய் காய வெச்சிருக்காங்க. காக்கா தொல்லை இல்லையாம், மடிச்சு வைக்க விடமாட்டேங்கறாங்க.